மற்றவை

புதுவயலில் மில் சங்கு ஊதும்போது
நான் லைன் வீடுகளுக்குள் நுழைந்திருப்பேன்.
பையில் பிரஷர் மிஷின், சர்க்கரைப் பட்டை நாற்பது,
சார்ஜ் நிற்காத ஒரு போன்.
கொடியில் காயும் சேலைகள் மேல் உமிச்சாம்பல் இறங்கும்.
உதறினால் என் மேல்.

பதினொன்றாம் நம்பர் சேவுகன்
நூறு கிலோ நெல்லைத் தோளில் ஏற்றுகிற ஆள்.
ஊசிக்கு விரலை நீட்டிவிட்டு
முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.
இருநூற்றி எண்பத்தாறு.
போன மாதம் இருநூற்றி எழுபது.
அதற்கு முந்தின மாதமும்
திட்டிவிட்டுத்தான் போனேன்.

"மாத்திர போடுறீங்களா, இல்லையா?"
"போடுறேனே."
அட்டையை வாங்கிப் பார்த்தேன்.
முப்பது நாளுக்குத் தந்தது
முப்பதாம் நாள் காலி.
போனில் பச்சை டிக் விழுந்தது.

தண்ணீர் குடிக்க உள்ளே போனபோதுதான்
அடுப்பு மேடையில் அந்தப் பாக்குவெட்டி.
யாரும் வெற்றிலை போடாத வீடு.
அலகில் வெள்ளைத் தூள்.

இருளாயி என் கண் போன இடத்தைப் பார்த்தாள்.
"வர்ணத்துக்குப் பாதி" என்றாள்.

பஞ்சவர்ணம், அவள் அண்ணன் மனைவி.
அண்ணன் வேறொருத்தியோடு திருப்பூர் போய்
ஆறு வருஷம் ஆகிறது.
அண்ணன் போனான், அண்ணி நின்றுவிட்டாள்.
பள்ளத்தூரில் பூட்டிய ஒரு பெரிய வீட்டில்
கதவுகளைத் துடைக்கிற வேலை.
ரேஷன் கார்டில் பெயர் இன்னும் அறந்தாங்கியில்,
அவன் பெயருக்குக் கீழே.
"ஆஸ்பத்திரிக்குப் போனேன்க்கா.
புருஷன் பேரு கேட்டாங்க.
திரும்பி வந்துட்டேன்."

பட்டை ஒன்றைப் பிரித்தேன்.
இருநூற்றி நாற்பத்தொன்று.
ஒரே மாத்திரையின் இரண்டு பாதிகள்
இரண்டு உடம்பிலும் தோற்றுக்கொண்டிருந்தன.

போனில் 'உறுப்பினரைச் சேர்' தொட்டேன்.
உறவுமுறை கேட்டது.
மனைவி, மகன், மகள், தாய், தந்தை, மற்றவை.
"அண்ணின்னு போடு" என்றாள் இருளாயி.
"இதில அண்ணி இல்ல."
"அப்ப என்னதான் இருக்கு அதுல?"

மற்றவை தொட்டேன்.
வாசலில் தட்டோடு நின்ற ஒடியாப் பையன் பிஜய்,
மூட்டைத் தைக்கிறவன், ராத்திரிச் சோறு இங்கேதான்,
எட்டிப் பார்த்து, "நான்?" என்றான்.
அவனும் மற்றவை.
பக்கத்து வீட்டிலிருந்து இருளாயியின் மகள்,
அவள் மாமியார், இடுப்பில் கைக்குழந்தை.
அன்று அந்தத் துணிப்பட்டை
ஆறு கைகளைச் சுற்றிவிட்டு எழுந்தபோது
குழந்தை தன் கையையும் நீட்டியது.
அதற்கு ஒரு கணக்கும் இல்லை.
சும்மா இரண்டு அமுக்கு அமுக்கினேன்.
அது சிரித்த நேரத்தில்
போன் அணைந்துவிட்டது.
எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து போட்டேன்.

புதன்கிழமை வர்ணத்தை ஸ்கூட்டியில் ஏற்றிப் போனேன்.
சீட்டு எழுதுகிறவர் நிமிராமல்,
"கணவர் பேரு?"
நான் வாயெடுத்தேன்.
அதற்குள் அவள், மில் இரைச்சலில் பேசுகிற குரலில்,
"சேவுகன் வீடு. பதினொண்ணு" என்றாள்.
அவர் ஒரு நிமிஷம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.
பிறகு அதையே எழுதினார்.

அடுத்த மாதம் சேவுகனுக்கு இருநூற்றிப் பத்து.
அப்போதும் சுவரைத்தான் பார்த்தார்.
வர்ணத்துக்கு இறங்கவில்லை.
"முழுசு வயித்தப் பெரட்டுதுக்கா.
பாதியே தேவல."
"சாப்பிட்டுட்டுப் போடணும்."
"எப்பச் சாப்பிட்டுட்டு?
அந்த வீட்ட விட்டு வரவே மூணு ஆகுது."

போனில் இதற்கு இடமில்லை.
நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி
எழுதினேன்:
வர்ணம். மதியச் சோறு. யாரிடம் கேட்பது?